கன்றைக் கொடுக்காமல் வைத்திருந்த ஐந்து மாதங்கள்

எனக்குப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போதுகூட வாயைத் திறக்காமல் கையைத் தூக்குவேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாஸ்டர் சலித்துப்போய் உட்காரச் சொல்வார். பேசாத ஆளை மனிதர்கள் நல்லவன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வயது வரை அந்தப் பேரில்தான் காலத்தை ஓட்டியிருக்கிறேன். அந்தப் பேரை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்கு நான் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே, மலையின் பாதி உயரத்தில் இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு வாலிபர் மன்றம் இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பழைய பிள்ளைக் காம்பராவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவோம். ஒரு கேரம் பலகையும் கிழிந்த பந்து வலையும்தான் மன்றத்தின் சொத்து. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, மனைவி, இரண்டு பிள்ளைகள். கேரம் ஆடுவதற்குப் பேச வேண்டியதில்லை என்பதால் தவறாமல் போவேன்.

ஹட்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு பாதர் வருவார். மன்றத்தில் பாதிப் பேர் வேதக்காரர்கள், பாதிப் பேர் மாரியம்மன் கோயில் ஆட்கள். அவர் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி திட்டுவார். விளையாடியது போதும், பிழைப்புக்கு ஏதாவது சேர்ந்து செய்வோம் என்று அவர்தான் முதலில் சொன்னார். முதலில் மெழுகுதிரி வார்த்தோம். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் எல்லா வீட்டிலும் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. மெழுகுதிரி யாருக்கு வேண்டும்? கடைசியில் பாதரே எல்லாவற்றையும் தன் வேதக்கோயிலுக்கு வாங்கிக்கொண்டு போனார்.

"நீங்க செய்ய, நான் வாங்க, இதுக்குப் பேரு தொழில் இல்லப்பா. நான் போடுற பிச்ச," என்றார். "நாளைக்கு என்னைய வேற ஊருக்கு மாத்திட்டா மெழுகுதிரிய யாரு திம்பீங்க?"

அதற்குப் பிறகுதான் மாடு வந்தது. மாட்டுக்கு வேண்டிய புல் ஆற்றோரத்திலும் பள்ளத்திலும் சும்மா கிடந்தது. சாணம் லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறிப் பாத்திகளுக்கு உரமாகும். பால் வாங்குகிற லொறி கீழ் ரோட்டுக்கு வரும். பாதர் எங்கெங்கோ கேட்டு நான்கு சினைப் பசுக்களை வாங்கித் தந்தார். வெளியிலிருந்து உதவி வருவது இந்த ஒரு தடவைதான், இதற்கு மேல் மாடுதான் மாட்டைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எட்டுக் குடும்பங்களைத் தேர்ந்து சீட்டுக் குலுக்கினோம். நான்கு குடும்பத்துக்கு இப்போது பசு. அந்த ஒவ்வொரு பசுவும் ஈனும் முதல் கிடாரிக் கன்றை, ஆறு மாதம் ஆனதும், மற்ற நான்கு குடும்பங்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட வேண்டும். வாங்கியவர்களும் பிறகு அப்படியே செய்ய வேண்டும். மன்றத்தின் செயலாளர் தேயிலை பெக்டரியில் வேலை செய்தவர், நல்ல கையெழுத்து. அவர் இதை ஒரு கொப்பியில் எழுதினார். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

எனக்குப் பசு விழுந்தது. என் பசுவின் கன்று யாருக்கு என்று எடுத்த சீட்டில், எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் இருந்த பெண்ணின் பேர் வந்தது.

அவளுக்குப் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். இரண்டு பெண் பிள்ளைகள். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். சீட்டு விழுந்த மறுநாளே கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வரும் வழியில் ஒரு கட்டுப் புல் அறுத்துக்கொண்டு எங்கள் மாட்டுப்பட்டிக்கு வந்தாள்.

"ஏன் புள்ள, அவரு அறுக்க மாட்டாராக்கும்?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஒங்க மாட்டுக்கு யாரு போட்டா? வயித்துக்குள்ள இருக்குறது எங்க வீட்டு ஆளு. அதுக்குப் போடுறேன்," என்றாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். மழை நாளில் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துப் புல்லுக்குப் போர்த்திக்கொண்டு, தான் நனைந்து வருவாள். வைகாசியில் பசு கன்று போட்டது. பெட்டைக் கன்று, நெற்றியில் வெள்ளை. அவள் வேலைக் காட்டிலிருந்து ஓடிவந்து, கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் பட்டிக்குள் குனிந்து பார்த்தாள். லயமே கூடி நின்று கேலி செய்தது.

"மாமியார் வந்தாச்சு, பொண்ணப் பாக்க!"

"மூக்கும் முழியும் நல்லாத்தான் இருக்கு. சீர் என்னா செய்யப் போறீங்கன்னு கேளு!"

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு என் மனதில் ஒரு கள்ளமும் இல்லை.

கள்ளம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். பாலோடு வந்தது. அது பாதி நாட்டு மாடு. கன்று போய் மடியை முட்டிய பிறகுதான் பாலை இறக்கும். காலையில் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை லொறிக்குக் கொண்டுபோவேன். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு வீட்டிலிருந்து போத்தல் கொடுத்து அனுப்பினார்கள். அதுவரை யாரும் என்னை வேண்டும் என்று தேடி வந்ததில்லை. இப்போது விடிந்ததும் "அண்ணே பால்" என்று வாசலில் ஆள் நின்றார்கள். என் சின்ன மகளுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. கன்று போய்விட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்று என் மனைவி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இதை நான் மன்றத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பாதரும் செயலாளரும் ஏதாவது வழி பார்த்திருப்பார்கள். கொப்பியில் ஆறு மாதம் என்று எழுதியபோது பால் கறக்கிற பெண்கள் யாரையும் நாங்கள் கேட்கவில்லை. அது எங்கள் எல்லாருடைய தவறு. ஆனால் நான் சொல்லாமல் இருந்தது என்னுடைய தவறு.

கார்த்திகையில் ஆறு மாதம் முடிந்தது. அதே நேரத்தில்தான் அவளுக்கு இந்தியா பாஸ்போட் வந்தது. புருஷன் உயிரோடு இருக்கும்போது எழுதிப் போட்டது. இந்தியாவுக்கு எழுதிப் போட்டவர்களை அரசாங்க ஒப்பந்தப்படி அனுப்பிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில் ஒவ்வொரு லயத்திலும் காம்பராக்கள் காலியாகிக்கொண்டிருந்தன. கோத்தகிரிப் பக்கம் போய்விட்ட அவளுடைய மூத்தார், புருஷனின் அண்ணன், வரச்சொல்லிக் கடிதம் போட்டிருந்தார். புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு அவள் என் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"போற நாளப் பங்குனிக்குள்ள கந்தோர் ஆபீசுல சொல்லணுமாம். எனக்குப் போக மனசில்லங்க அண்ணி. மூத்தார் வீட்டு அடுப்படியிலதான கெடக்கணும்? இந்தக் கண்ணு கைக்கு வந்திருச்சுன்னா நாளத் தள்ளிப் போட்டுருவேன். ரெண்டு வருஷத்துல அது கறக்கும். அது வரைக்கும் கொழுந்து இருக்கு. கையில ஒன்னும் இல்லாம எதச் சொல்லி இங்க இருக்குறது?"

அவளுக்கு அந்தக் கன்று என்னவென்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வந்து, "என்னாங்கண்ணே, கண்ணக் குடுக்குற நாளக் குறிச்சிருவமா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். கன்றுக்கு இரண்டு நாளாகச் சளி. அது மூக்கை உறிஞ்சியது. செயலாளர் அதைப் பார்த்துவிட்டு, "ஓ, சளியா? சரி, சொகமாகட்டும்," என்றார். நான் தலையை ஆட்டினேன்.

மார்கழியில் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. நான் வாயைத் திறக்கு முன்னே பின்னாலிருந்து ஒருவர், "மார்கழியில மாடு கைமாறலாமா? வௌங்குமா?" என்றார். எல்லாரும் அதை ஒத்துக்கொண்டார்கள். என் முகத்தைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினேன்.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கலுக்குத் தாயும் பிள்ளையுமாக நிற்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் ஆட்டினேன். மாட்டுப் பொங்கலன்று கன்றின் கொம்பில்லாத தலைக்கு அவள் மாலை கட்டிப் போட்டாள். பொங்கலும் கழிந்தது. இப்போது யாரும் ஒரு காரணமும் சொல்லவில்லை. நான் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். கூச்சம் என்று நினைத்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் அந்த மாதங்களில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மற்றவர்கள் என் மேலுள்ள நல்லெண்ணத்தில் ஒவ்வொரு பொய்யாக எடுத்துக் கொடுத்தார்கள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை அவள் பட்டிக்கு வந்தாள். கையில் புல் இல்லை. புதுக் கயிறு இருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. மாட்டைக் கொடுக்கிறவர் கயிற்றைக் கொடுக்க மாட்டார். பழைய கயிறு வீட்டிலேயே தங்கும். வாங்குகிறவர் தன்னுடைய கயிற்றைக் கொண்டுவர வேண்டும். கொடுக்கிறவர் பழைய கயிற்றை அவிழ்ப்பார், வாங்குகிறவர் புதியதைக் கட்டி ஓட்டிப்போவார். ஒருவரும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கயிற்றோடு வந்து நிற்பதுதான் கேள்வி. அவிழ்ப்பதுதான் பதில்.

அவள் அப்படி வந்து நின்றாள். நான் கன்றுக்குப் பக்கத்தில் நின்றேன். என் கை தானாக முடிச்சுக்குப் போனது. சுருக்கு முடிச்சுத்தான், ஒரு இழுப்பில் அவிழும். அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பசு திரும்பிக் கன்றை நக்கியது. பேச வராதவன் என்ற சாக்கு அன்றைக்கு எனக்கு இல்லை. யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை.

அவள் கொஞ்சம் சிரித்தாள்.

"ஒங்கக்கிட்ட கேக்குறதுக்கு இந்த மாட்டுக்கிட்ட கேக்கலாம் அண்ணே. தலையாட்டுறதுல ரெண்டு பேரும் ஒன்னுதான்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"முடியலன்னா முடியலன்னு சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். எனக்கு நாள் இல்லண்ணே."

முடிச்சிலிருந்து கையை எடுத்தேன். கீழே கிடந்த புல்லை அள்ளிப் பசுவுக்குப் போட்டேன். அவ்வளவுதான் நான் சொன்ன பதில். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவள் போனாள். வாசலில் நின்ற என் மனைவி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடைசிக் காம்பராப் பெண் மன்றத்தில் போய் முறையிடவில்லை. முறையிட்டிருந்தால் கன்று அடுத்த நாளே அவள் கைக்குப் போயிருக்கும். அண்ணன் என்று கூப்பிட்ட ஆளைப் பத்துப் பேர் முன்னால் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. பங்குனியில் கந்தோருக்குப் போய் நாள் சொல்லிவிட்டாள்.

சித்திரையில் புறப்பட்டாள். இந்தியா போகிறவர்களை வழியனுப்ப லயமே ஸ்டேஷனுக்குப் போவது வழக்கம். றொசல்லையில் ஏறிப் பொல்கஹவெலையில் தலைமன்னார் ரயிலுக்கு மாற வேண்டும். தலைமன்னாரில் கப்பல். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆண்கள் தகரப் பெட்டிகளைத் தூக்கி ஏற்றினார்கள். நானும் ஒரு பெட்டியைத் தூக்கினேன். அவள் சன்னலிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒன்று சொன்னாள். என்னிடம், "கண்ணுக்கு ஈரப்புல்லு போடாதீங்கண்ணே, வயித்தால கழியும்," என்றாள். இரண்டு பிள்ளைகளும் அவளுக்குப் பின்னால் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த வாரமே கன்றைக் கொடுத்துவிட்டேன். தங்கள் சீட்டில் விழுந்த பசு காளைக் கன்று போட்டதால் முறை தள்ளிப்போய்க் காத்திருந்த கீழ் லயத்துக் குடும்பம் ஒன்று வாங்கிக்கொண்டது. இந்தத் தடவை நானே செயலாளரைத் தேடிப்போனேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. அவள் போன பிறகு அந்தக் கன்றைப் பார்க்க முடியவில்லை. முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தேன். மன்றத்தில் கைதட்டினார்கள். முதல் கன்று என்னுடையதுதான். மற்ற வீடுகளில் இரண்டு காளைக் கன்றுகள், ஒன்று செத்துப் பிறந்தது.

கன்று போன முதல் நாள் பசு கத்தியது, பாலை இறக்கவில்லை. இரண்டாம் நாள் கொஞ்சம் விட்டது. என் மனைவி சுடுதண்ணீரில் மடியைக் கழுவி, தவிட்டைக் கரைத்து முன்னால் வைத்து, முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தாள். நான்காம் நாள் எப்போதும் போலக் கறந்தது. கன்று குடித்த பங்கும் சேர்ந்து சட்டி நிறைந்தது. மனைவி சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இதுக்காகத்தான?" என்றாள்.



ஒரு வருஷம் கழித்து மன்றத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது. யாரையோ வைத்து எழுதியிருந்தாள். செயலாளர் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார். பாதரும் அன்றைக்கு வந்திருந்தார். மூத்தார் வீட்டில் இருக்க முடியவில்லை, பக்கத்துத் தோட்டத்தில் அன்றாடக் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கிறேன், பெரிய பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டது என்று இருந்தது. கன்று இப்போது எவ்வளவு உயரம் என்று கேட்டிருந்தாள். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. கடைசி வரி இப்படி இருந்தது: "அண்ணனிடம் இதையெல்லாம் விளக்கமாகச் சொல்ல வேண்டாம். அவர் சங்கடப்படுவார்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அன்பாகத்தான் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். மன்றம் தொடங்கி அத்தனை வருஷத்தில் நான் கூட்டத்தில் எழுந்தது அதுதான் முதல் தடவை. கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை எடுத்துவிட்டார்கள்.

"அந்தக் கண்ணுக்கு ஒன்னும் இல்ல. மார்கழியும் இல்ல. நான்தான் குடுக்காம வச்சிக்கிட்டேன்."

செயலாளர் சிரித்தார்.

"அட என்னாங்கண்ணே நீங்க! அந்தப் புள்ளைக்கு இந்தியா போற விதி. நீங்க ஏன் தலையில தூக்கி வச்சிக்கிறீங்க?"

"கடுதாசியக் கேட்டதும் மனசு எளகிருச்சு அண்ணனுக்கு," என்றார் இன்னொருவர். "ஒக்காருங்க, ஒக்காருங்க."

பாதர் மட்டும் சிரிக்கவில்லை. "இருங்க. அவரு பேசட்டும்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சரி. இப்ப என்னா செய்யணும்ங்கிறீங்க?" என்று கேட்டார்.

"நாள வாங்குறவங்க சொல்லணும் பாதர். குடுக்குறவங்க சொல்லக் கூடாது. மன்றமும் சொல்லக் கூடாது. ஆறு மாசத்துக்கு அப்பறம் அவங்க என்னைக்குச் சொல்றாங்களோ, அன்னைக்கு," என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நல்ல யோசனை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். செயலாளர் கொப்பியில் எழுதினார். அதற்குப் பிறகு கன்று கைமாறுவதில் மன்றத்தில் ஒரு சச்சரவும் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து வாலிபர்கள் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அனுபவப்பட்ட ஆள் சொன்ன விதி என்று பாதரோடு வந்த வெளியாட்களிடம் என்னைக் காட்டுவார்கள். அவர்கள் கை கொடுப்பார்கள். நான் கொடுப்பேன். செய்த குற்றத்துக்கே பாராட்டு வாங்குகிற மாதிரி இருக்கும்.

பாதரை மாற்றிவிட்டார்கள். செயலாளர் கலியாணம் கட்டி நோர்வூட் பக்கம் போனார். ஆனாலும் மாடு மாட்டைக் கொடுத்துக்கொண்டே வந்தது. எண்பதுகளின் நடுவில் எங்கள் தோட்டத்தில் இருபதுக்குக் குறையாத வீட்டில் பட்டி இருந்தது. அவளுக்குப் பதில் எழுத நான் பல தடவை உட்கார்ந்தேன். "அன்புள்ள தங்கச்சிக்கு" என்பதற்கு மேல் ஓடாது. பிறகு அவள் விலாசமும் மாறிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

அந்த வருஷங்களில் ஒருநாள் காலை, மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றேன். மேல் லயத்துப் பெண் ஒருத்தி குடத்தோடு வந்தாள். அவள் வீட்டுக் கன்றை மறுநாள் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்கள் நாள் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு மனமில்லை. என்னைக் கண்டதும் குடத்தை நச்சென்று வைத்தாள்.

"எல்லாம் நீங்க போட்ட சட்டந்தான அண்ணே? ஆறு மாசம் முடிஞ்சு மூணே நாளு, ஓட்டிக்கிட்டுப் போக வர்றாளாம். எங்க வீட்டுப் பிள்ளைங்க ராவெல்லாம் அழுவுது. ஒங்களுக்கென்னா? நீங்க மட்டும் நல்லா அஞ்சு மாசம் வச்சிக்கிட்டீங்க. அந்தப் புள்ள பாவம், கப்பலேறிப் போனிச்சு. இப்ப ஊருக்குச் சட்டம் சொல்ல வந்துட்டீங்க!"

பீலியில் நின்ற மற்றப் பெண்கள் அவளை அதட்டினார்கள். பேசாத மனுஷனைப் போய் என்ன பேச்சு பேசுகிறாய் என்றார்கள். அவர்கள் அதட்டியது எனக்கு வேண்டியிருக்கவில்லை. அத்தனை வருஷத்தில் அதை என் முகத்துக்கு நேரே சொன்னவள் அவள் ஒருத்திதான்.

"ஆமா புள்ள," என்றேன். "வச்சிக்கிட்டேன். அந்தப் புள்ள போயிருச்சு."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். குடம் நிறைந்து வழிந்தது. பிறகு அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறிப்போனாள். மறுநாள், சொன்ன நேரத்துக்குக் கன்று போனது.